எப்சம் உப்புக் குளியல்: மன இறுக்கத்தைக் குறைப்பது மெக்னீசியமா, வெந்நீரா?

#1 சில்க்போர்டுவாசி

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் வீடு எச்.எஸ்.ஆர். லேஅவுட், ஆபீஸ் மாரத்தஹள்ளி. நடுவில் இருக்கும் ரோட்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு ராத்திரி பத்தரை வரை அமெரிக்காவோடு போன் கால். கழுத்தும் தோள்பட்டையும் இறுகிக் கிடக்கின்றன, படுத்தால் சட்டென்று தூக்கம் பிடிப்பதில்லை.

எங்கள் டீமில் ஒருவர் கொஞ்ச நாளாக மெக்னீசியம் குளியல் என்று ஒரே பஜனை. எப்சம் சால்ட்டை வெந்நீரில் கரைத்து உட்கார்ந்தால் மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே இறங்கி நரம்பு, தசை எல்லாவற்றையும் தளர்த்திவிடுமாம். ஆன்லைனில் தேடினால் எப்சம் சால்ட் ஒரு விலை, 'மெக்னீசியம் ஃப்ளேக்ஸ்' என்று இன்னொன்று அதைவிடப் பல மடங்கு விலை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். உண்மையிலேயே தோல் வழியாகப் போகிறதா? பாத்டப் இல்லை, பக்கெட்டில் கால் வைத்தால் போதுமா? அப்புறம், அந்த விலை கூடின ஃப்ளேக்ஸில் ஏதாவது விசேஷம் உண்டா? போட்டுப் பார்த்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 அல்சூர்க்காரன்

பாத்டப்பா? நல்லவேளை, இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2024 மார்ச்சில் குடிதண்ணீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. டப் நிறைய 150 லிட்டர் பிடித்து அதில் உப்பையும் போட்டுக் கொட்டினால் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் வாட்ஸாப் குரூப்பில் உங்கள் மன இறுக்கம் இரண்டு மடங்காகிவிடும்.

#3 ஜெயநகர்_வாத்தியார்

தம்பி, கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். ஃப்ளேக்ஸ் என்பது மெக்னீசியம் குளோரைடு. எடையில் பார்த்தால் முதலாவதில் சுமார் 10 சதவீதம் மெக்னீசியம், இரண்டாவதில் சுமார் 12 சதவீதம். மீதியெல்லாம் சல்பேட் அல்லது குளோரைடு, அப்புறம் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீர். இந்த இரண்டு சதவீதத்துக்காகப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எப்சம் என்பது லண்டனுக்குத் தெற்கே இருக்கும் ஊர். அங்கே ஒரு குட்டைத் தண்ணீரை மாடுகள் வாயில் வைக்க மறுத்தன, அவ்வளவு கசப்பு, 1618 வாக்கில் ஒரு விவசாயி அதைக் கவனித்தார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1695-இல் நெஹெமையா குரூ என்பவர் அந்த உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜனங்கள் அந்த ஊருக்குத் திரண்டு போனது முக்கியமாக அந்தத் தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கழுவத்தான். நம்மவர்கள் பேதி உப்பு என்று சொல்வது இதைத்தான். மன அமைதி உப்பு என்று யாரும் சொன்னதில்லை!

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு கப் எப்சம் உப்பு 250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மெக்னீசியம் மட்டும் 25 கிராம். வளர்ந்த ஒரு ஆளின் உடம்பில், எலும்பு, தசை எல்லாம் சேர்த்து இருக்கும் மொத்த மெக்னீசியமே சுமார் 25 கிராம்தான். அதில் பாதிக்கு மேல் எலும்புக்குள். ரத்தத்தில் ஓடுவது 1 சதவீதத்துக்கும் கீழே. தோல் இதைத் தாராளமாக உள்ளே விடும் என்றால் குளித்துவிட்டு வருபவர்களை நேரே ஐ.சி.யூ.வில்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. அரை கப் உப்பை 10 லிட்டர் வெந்நீரில் கரைத்தால் லிட்டருக்கு 1.25 கிராம் அளவில் மெக்னீசியம் வரும். கடல் தண்ணீரில் இருப்பது லிட்டருக்கு சுமார் 1.3 கிராம். அதாவது மெக்னீசியத்தைப் பொறுத்தவரை, நீங்கள் காசு கொடுத்து பக்கெட்டில் தயாரிப்பது கடல் தண்ணீர். நாள் முழுக்க இடுப்பளவு கடலில் நின்று வலை இழுப்பவர்களுக்குத் தசைப்பிடிப்பே வராதா என்ன? தாராளமாக வருகிறது.

#4 வெல்னஸ்_வேந்தன்

சார், நீங்கள் இன்னும் பழைய பாடப்புத்தகத்திலேயே இருக்கிறீர்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எப்சம் உப்புத் தண்ணீரில் ஆட்களை உட்காரவைத்து, ரத்தத்தில் மெக்னீசியம் ஏறியதை அளந்தே காட்டிவிட்டார்கள். தோல் வழியாகப் போகிறது, நிரூபணமான விஷயம். நான் தொடர்ந்து செய்கிறேன், எனக்கு டென்ஷன் நன்றாகக் குறைகிறது. 5 கிலோவாக வாங்கி வைத்துவிட்டேன்.

#5 மல்லேஸ்வரம்_மாமி

வாத்தியார் கணக்கில் எனக்கு ஒன்றும் தகராறு இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாள் பூரா நின்று சமைத்துவிட்டு ராத்திரி வெந்நீரில் கால் வைத்தால் எனக்கு வலி விடுகிறது. என் அம்மா கல்லுப்புதான் போடுவாள், எப்சமும் கிடையாது ஒன்றும் கிடையாது. அவளுக்கும் விட்டது. அப்போ கல்லுப்பிலும் மெக்னீசியமா?

#6 நைட்ஷிஃப்ட்_சிஸ்டர்

மாமி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கல்லுப்பிலும் விட்டது, எப்சத்திலும் விட்டது என்றால் இரண்டிலும் பொதுவாக இருப்பது எது? வெந்நீர். அப்புறம், யாரும் கூப்பிடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தது.

வேந்தன் சகோ, அந்த பர்மிங்ஹாம் சமாசாரம் எல்லா விளம்பரத்திலும் வரும். கலந்துகொண்டவர்கள் 19 பேர். உப்புப் போடாத வெறும் வெந்நீரில் உட்காரவைத்து ஒப்பிட்டதாக அதில் எதுவும் கிடையாது. மற்ற நிபுணர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழ் எதிலும் அது வரவில்லை. அதைப் பரப்பியது எப்சம் உப்புத் தொழிலைச் சேர்ந்த அமைப்பின் இணையதளம். 2017-இல் 'நியூட்ரியன்ட்ஸ்' என்ற ஆய்விதழில், தோல் வழி மெக்னீசியம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அலசி ஒரு கட்டுரை வந்தது. அறிவியல் ஆதாரம் போதாது, இதைப் பரிந்துரைக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனிதத் தோலில் மெக்னீசியக் கரைசலைத் தடவி வைத்தபோது மயிர்க்கால் வழியாகக் கொஞ்சம் உள்ளே போவதைப் பார்த்தார்கள். கொஞ்சம் போவதும், உடம்பின் மெக்னீசிய அளவை ஏற்றி மனசை அமைதிப்படுத்துவதும் ஒன்றல்ல.

நான் வேலை பார்ப்பது பிரசவ வார்டில். மெக்னீசியம் சல்பேட் எங்களுக்குத் தினசரி மருந்து, மேக்சல்ஃப் என்போம். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தாலோ, வரும் போல இருந்தாலோ அதுதான் முதல் மருந்து. வெறும் 4 கிராமை ரத்த நாளம் வழியாக 15, 20 நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவோம். ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து பக்கத்தை விட்டு நகர மாட்டோம். முழங்காலில் தட்டி அனிச்சை அசைவு வருகிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, மூத்திரம் போதுமான அளவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அளவு கூடினால் முதலில் முழங்கால் அசைவு போகும், அப்புறம் மூச்சே நிற்கும். அதனால் அதை முறிக்கும் மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அந்த உப்பையே 125 கிராம் பக்கெட்டில் கொட்டி, காலை உள்ளே விட்டுக்கொண்டு ஜனங்கள் போனில் ரீல்ஸ் பார்க்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. ஏன் ஆவதில்லை? சொல்லும்படியாக உள்ளே போவதில்லை, அதனால்தான்.

ட்ரிப் ஏற்றிய கை வீங்கினால் மேக்சல்ஃபும் கிளிசரினும் கலந்து பஞ்சில் நனைத்துக் கட்டும் வழக்கம் உண்டு, அது நிஜம். அது அந்த இடத்து வீக்கத்துக்கு. மன இறுக்கத்துக்கு அல்ல.

#7 அல்சூர்க்காரன்

சிஸ்டர் ஒரே பதிவில் பேதி கொடுத்துவிட்டார்.

#8 வெல்னஸ்_வேந்தன்

சரி, ஆய்வை விடுங்கள். எனக்கு வேலை செய்கிறது என்பது பொய்யா? நான் கற்பனை செய்துகொள்கிறேனா?

#9 பகல்தூக்கம்

கற்பனை இல்லை வேந்தன். உங்களுக்கு வேலை செய்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. எது வேலை செய்கிறது என்பதில்தான் தகராறு. ஷிஃப்ட் வேலையில் தூக்கம் கெட்டு, இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தூக்கம் வரும் நேரத்தில் நம் உடம்பின் உள்வெப்பம் லேசாகக் குறையும். அந்தச் சூடு வெளியேறுவது பெரும்பாலும் கை, கால் வழியாக. பாதத்தை வெந்நீரில் வைத்தால் அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் தோலுக்கு அருகே வருகிறது, எழுந்த பிறகு சூடு வேகமாக வெளியேறுகிறது, உள்வெப்பம் இறங்குகிறது. 1999-இல் 'நேச்சர்' இதழிலேயே இதைப் பற்றி வந்தது, பாதம் கதகதப்பாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று. 2019-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவு சொன்னார்கள். தண்ணீர் 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ், படுப்பதற்கு ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் முன்பு, 10 நிமிடம் குளித்தாலே பலன் உண்டு. சராசரியாக 10 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது. பத்து நிமிடம்தானா என்று கேட்காதீர்கள், புரண்டு புரண்டு படுப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கவனியுங்கள், அந்தக் கணக்கில் உப்பு எங்கேயும் வரவில்லை.

சில்க்போர்டுவாசிக்கு இடிப்பது நேரம்தான். பத்தரைக்கு போன் கால் முடிந்து, அதன் பிறகு வெந்நீர் வைத்து, உடனே படுத்தால் உடம்பு இன்னும் சூடாகவே இருக்கும். கேமரா ஆன் செய்யாத கால் என்றால் பத்து மணிக்கே மேஜைக்கு அடியில் பேசினை வைத்துவிடுங்கள். ஸ்டாண்டப் மீட்டிங்கை உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம்.

#10 சில்க்போர்டுவாசி

இந்த ஐடியா பிடித்திருக்கிறது. மேனேஜர் இந்த இழையைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். ஃப்ளோட்டேஷன் என்று ஒன்று இருக்கிறதே, உப்புத் தொட்டியில் மிதக்கவிடுவது? அதில் டன் கணக்கில் எப்சம் உப்புப் போடுகிறார்களாம். அங்கே பதற்றம் குறைகிறது என்று ஆய்வு வந்ததாகப் படித்தேன். அதுவும் மெக்னீசியம் இல்லையா?

#11 நைட்ஷிஃப்ட்_சிஸ்டர்

ஆமாம், அமெரிக்காவில் டல்சாவில் செய்தது, 2018-இல் வெளிவந்தது. பதற்றம், மனச்சோர்வு உள்ள 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டார்கள், பதற்றம் நன்றாகவே குறைந்தது. ஆனால் அங்கே உப்பின் வேலை வேறு. அவ்வளவு உப்பைக் கரைத்தால் தண்ணீர் கனமாகி ஆளைத் தானாகவே மேலே தூக்கும். வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் தோலின் சூட்டிலேயே இருக்கும், உடம்பின் பாரம் தெரியாது. தலைக்குள் வந்து விழும் சமாசாரம் எல்லாம் நின்றுபோனால் மனசு அடங்காமல் என்ன செய்யும்? போனை வேறு உள்ளே கொண்டுபோக முடியாது.

#12 வைட்ஃபீல்ட்_போர்வெல்

நான் சிரித்துக்கொண்டே படிக்கிறேன். எங்கள் லேஅவுட்டில் காவிரி இன்னும் வரவில்லை, போர்வெல்லும் டேங்கரும்தான். கீஸர் ராடைக் கழற்றினால் வெள்ளையாக ஒரு கவசமே உரிந்து வரும். குழாய் முனை, ஷவர் ஓட்டை எல்லாம் அதே வெள்ளை. தண்ணீரைக் கடினமாக்குவதே கால்சியமும் மெக்னீசியமும்தான். குடிநீரில் மெக்னீசியம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 100 வரை என்பது இந்திய தர அளவு. மெக்னீசியத் தண்ணீரில் குளித்தால் மனம் அடங்கும் என்றால் எங்கள் லேஅவுட்டில் பாதிப் பேர் இந்நேரம் ஞானியாகியிருக்க வேண்டும். அசோசியேஷன் மீட்டிங்குக்கு ஒரு தடவை வந்து பாருங்கள்.

உருப்படியாக ஒன்று சொல்கிறேன். உப்புப் போட்ட தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் போகும். காலை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் ஊறவையுங்கள்.

#13 ராகிமுத்தே

தோலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வாய் என்று ஒன்று இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை! மெக்னீசியம் நிஜமாகவே வேண்டும் என்றால் இந்த ஊரில் தேடிப் போக வேண்டியதே இல்லை. ராகி மாவில் 100 கிராமுக்கு சுமார் 140 மில்லிகிராம் மெக்னீசியம். மதியம் ஒரு பெரிய முத்தே (ராகிக் களி), சொப்பு சாறு (கீரைக் குழம்பு). வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 300, 400 மில்லிகிராம் அளவில். எள், பாதாம், பூசணி விதை, பயறு, கீரை எல்லாவற்றிலும் இருக்கிறது. பூசணி விதையில் 100 கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல். சாப்பிட்டது அத்தனையும் ரத்தத்தில் சேராது, மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. ஆனாலும் குடல் அதற்கென்றே இருக்கிறது. பாதம் அதற்கு இல்லை.

ஐ.டி. மக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அசிடிட்டி மாத்திரையைக் காலையில் காபிக்கு முன்னால் வழக்கமாகப் போடுகிறீர்களே, பான்டப்ரசோல் வகை, அதை வருடக் கணக்கில் போட்டால் உடம்பில் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2011-இலேயே எச்சரித்தது. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றால் உப்புத் தேடுவதற்கு முன்னால் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

#14 மல்லேஸ்வரம்_மாமி

முத்தே சாப்பிட்டால் மதியமே தூக்கம் வந்துவிடும், ராத்திரிக்கு மிச்சம் இருக்காது.

செய்முறை கேட்ட பிள்ளைக்கு நான் சொல்கிறேன். பக்கெட்டில் இரண்டு காலும் ஒழுங்காக அடங்காது, விரல் மடங்கும். துணி ஊறவைக்கும் அகல பேசின் எடுத்துக்கொள். பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்று, வெந்நீரை அப்புறம் கலக்கு. முழங்கையை உள்ளே விட்டுப் பார், காலை விட்டுப் பார்க்காதே, உழைத்த காலுக்குச் சூடு சட்டென்று உறைக்காது. கணுக்காலுக்கு மேலே நாலு விரல் முங்க வேண்டும். பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக்கொண்டால் ஆறும்போது ஓரமாக ஊற்றலாம், காலின் மேலேயே ஊற்றிக்கொள்ளாதே. கால் மணி நேரம் போதும். எழுந்திருக்கும் முன்னால் டவல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஈரக்காலோடு டைல்ஸில் நடந்து விழுந்தவர்கள் கதை எங்கள் பில்டிங்கிலேயே இருக்கிறது. துடைத்த சூட்டோடு ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி சாக்ஸ் போட்டுக்கொள்.

உப்புப் போட ஆசையென்றால் போடு. அரைக் கப்புக்கு மேலே வேண்டாம், தோல் வறண்டு குதிகால் வெடிக்கும்.

#15 சில்க்போர்டுவாசி

மாமி, இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை, ரொம்ப நன்றி. அடுத்த வாரம் அம்மா திருநெல்வேலியிலிருந்து வருகிறாள். அவளுக்கும் கால் எரிச்சல், பாதம் மரத்துப்போகிறது என்பாள். சுகர் இருக்கிறது. அவளுக்கும் இதே மாதிரி வைத்துக் கொடுக்கலாம்தானே?

#16 நைட்ஷிஃப்ட்_சிஸ்டர்

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

சுகர் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போகிறது என்றால் அங்கே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். தண்ணீர் சுடுவதே தெரியாது. சுகமாக இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள், எழுந்து பார்த்தால் கொப்புளம். அந்தக் கொப்புளம் ஆறாமல் புண்ணாகி வருடக் கணக்கில் கட்டுப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், விரலை எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உப்பு சேர்ந்தால் தோல் இன்னும் வறண்டு வெடிக்கும். சூடில்லாத தண்ணீரில்கூட ரொம்ப நேரம் ஊறவைக்கக் கூடாது.

அம்மாவுக்கு நீங்கள் செய்யக்கூடியது வேறு. பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஒற்றித் துடையுங்கள். சூட்டை நீங்கள் கை வைத்துப் பாருங்கள், அம்மாவைக் கேட்காதீர்கள். அடிப்பாதத்தில் கீறல், நிறமாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இடுக்குகளை விட்டு மற்ற இடத்தில் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எரிச்சலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போங்கள், மாத்திரை இருக்கிறது.

காலில் ஆறாத புண், ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களுக்கும் இதே பதில். கர்ப்பிணிகளும், பிரஷர் மாத்திரை சாப்பிட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவர்களும் முழு உடம்பு வெந்நீர்க் குளியலுக்கு முன்னால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாத்தியார் பேதி உப்பு என்று சொன்னதைப் படித்துவிட்டு யாரும் குடித்துப் பார்க்க வேண்டாம். முக்கியமாகக் கிட்னி சரியில்லாதவர்கள். வாய் வழியாகப் போவது நிஜமாகவே உள்ளே போகும், கிட்னிதான் அதை வெளியேற்ற வேண்டும்.

#17 சில்க்போர்டுவாசி

கேட்டது நல்லதாகப் போயிற்று சிஸ்டர். அம்மாவை அடுத்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எனக்கு பேசினும் வெந்நீரும் போதும், உப்பு ஆர்டரை கேன்சல் செய்துவிட்டேன்.

#18 வெல்னஸ்_வேந்தன்

எல்லோரும் சேர்ந்து என் 5 கிலோவுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டீர்கள். இதை என்ன செய்வது?

#19 மொட்டைமாடித்_தோட்டம்

நான் வாங்கிக்கொள்கிறேன்! பனசங்கரியில் இருக்கிறேன். ரோஜா, தக்காளியில் அடி இலைகள் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சளாகும், அது மெக்னீசியக் குறைபாடு. லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து இலையில் தெளித்தால் புதிதாக வரும் இலைகள் தேறிவிடும். செடி வாங்கிக்கொள்ளும் என்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட்டில் என்ன கிரேடு என்று போட்டிருக்கிறது, பாருங்கள்.

#20 வெல்னஸ்_வேந்தன்

கிரேடு தெரியவில்லை. 'லாவெண்டர் ட்ரீம்ஸ்' என்று போட்டிருக்கிறது. ஊதா நிறமாக இருக்கிறது.

#21 மொட்டைமாடித்_தோட்டம்

அப்படியானால் நீங்களே காலை வைத்துக்கொள்ளுங்கள்.